கொம்பில்லாத ஓனிகள்: கிதகாமி கலைவிழாவை எப்படிப் பார்ப்பது?

ஆகஸ்ட் மாதம் ஜப்பானின் வடகிழக்குப் பகுதிக்குப் போகிற ஒருவர், அந்த மண்ணின் நாட்டார் ஆடல்களை ஒரே இடத்தில் பார்க்க விரும்பினால் எங்கே போகலாம்? கிதகாமி நகரத்தில் நடக்கும் கலைவிழாவைப் பலரும் சொல்கிறார்கள். அது உண்மையான மரபா, சுற்றுலாவுக்காகக் கூட்டிவைத்த காட்சியா? இதுதான் கேள்வி.

முதல் பாதிக்குத் தயங்காமல் சொல்வேன்: கிதகாமிக்கே போங்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தோஹோகு பகுதி முழுவதும் திருவிழாக் கோலம்தான். அவோமோரியில் நெபுதா, அகிதாவில் கந்தோ, மோரியோகாவில் சான்சா ஒடோரி, செந்தாயில் தனபாதா என்று வரிசையாக நடக்கும். அவற்றின் பிரம்மாண்டம் கிதகாமியில் கிடையாது. ஆனால் அங்கெல்லாம் ஒரு நகரம் தன் ஒற்றைப் பெருமையைத்தான் காட்டும். வண்ண விளக்குத் தேர் என்றால் கடைசி வரை விளக்குத் தேர், மூங்கில் விளக்குக் கம்பம் என்றால் கடைசி வரை அதுவே. கிதகாமியில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் ஒவ்வொன்றும் தன் ஆட்டத்தோடு வந்து இறங்குகின்றன. முகமூடிக் கத்தியாட்டம், மான் ஆட்டம், மலைத்துறவிகள் வழிவந்த ககுரா, நாற்று நடவு ஆட்டம், சின்னப் பிள்ளைகளின் குழுக்கள் எல்லாம் மூன்று நாளில் கண்முன் வந்துவிடும்.

இரண்டாவது பாதிக்குப் பதில் நீளும். 'உண்மையான மரபா' என்று கேட்கும்போது, வெளியாட்கள் கண்ணே படாத ஒரு மலைக்கிராமத்தை நாம் மனத்தில் வைத்துக்கொள்கிறோம். இந்த வட்டாரத்துக் கலைகள் அப்படி ஒருநாளும் வாழ்ந்ததில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் ஊரைப் பற்றியும் ஆட்டங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும்.

கிதகாமி, இவாத்தே மாவட்டத்தில் இருக்கிறது. கிதகாமி ஆறும் வாகா ஆறும் சேரும் இடம். மக்கள்தொகை சுமார் 90 ஆயிரம். போய் இறங்கினால் பழைமை எதுவும் கண்ணில் படாது. தொழிற்பேட்டைகளும் பெரிய சிப் தொழிற்சாலையும் உள்ள வேலைக்கார ஊர். நகரமே இளையது. 1954-இல் ஒரு சிறு பட்டணத்தையும் ஆறு கிராமங்களையும் இணைத்து உருவாக்கினார்கள். 1991-இல் வாகா, எசுரிகோ என்ற பக்கத்து ஊர்களும் சேர்ந்துகொண்டன. மிச்சினோக்கு கலைவிழா என்ற இந்த விழா தொடங்கியது 1962-இல். மிச்சினோக்கு என்பது வடகிழக்குக்கு வழங்கும் பழைய பெயர். காகிதத்தில் ஒன்றுசேர்த்த கிராமங்கள் எட்டு ஆண்டுகளில் தெருவிலும் ஒன்றாக நிற்க ஒரு காரணம் கிடைத்தது என்றே இந்த விழாவை நான் பார்க்கிறேன். அப்போது எல்லாக் கிராமத்திலும் பொதுவாக இருந்த சொத்து ஆட்டம்தான்.

விழாவின் முகம் ஓனி கென்பாய் என்ற முகமூடிக் கத்தியாட்டம். ஓனி என்றால் ஜப்பானியக் கதைகளில் வரும் கொம்பு முளைத்த அரக்கன். சுவரொட்டியில் சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு என்று நாலு நிறத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு முறைக்கும் முகங்களைப் பார்த்து, அரக்கர் ஆட்டம் என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். நெற்றியைக் கவனித்தால் அந்த முகமூடிகளில் கொம்பே இருக்காது. அரக்கருக்குரிய அடையாளம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் சொல்வது, இவை புத்தரின் உக்கிர வடிவங்கள் என்பது. வித்யாராஜர்கள் என்று பௌத்தம் சொல்லும் காவல் தெய்வங்கள், தீமையை மிரட்டி விரட்டுவதற்காகக் கோர முகம் பூண்டவர்கள். நாலு நிறங்கள் நாலு திசைகளையும் நாலு பருவங்களையும் குறிக்கின்றன. வெள்ளை முகமூடி குழுத் தலைவருக்குரியது.

இந்த ஆட்டத்தின் முறையான பெயர் நெம்புட்சு கென்பாய். நெம்புட்சு என்பது அமிதாப புத்தரின் பெயரைச் சொல்லி வேண்டுவது. இறந்தவர்கள் கரையேற வேண்டும் என்பதற்கான வேண்டுதல் அது. ஓபோன் என்ற முன்னோர் வழிபாட்டுக் காலத்தில், அந்த ஆண்டில் சாவு விழுந்த வீடுகளுக்கும் கோயில்களுக்கும் கல்லறைகளுக்கும் போய் இதை ஆடுவார்கள். கத்தியும் முறைப்பும் துள்ளலும் நிறைந்த ஒரு போர்க்கோல ஆட்டம் எதற்காக ஒரு விதவையின் வாசலில் நடக்கிறது என்பது புரியவில்லை என்றால், இந்தப் பகுதியின் வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோடையின் தொடக்கத்தில் பசிபிக் கடலிலிருந்து யமாசே என்ற குளிர்காற்று வீசும். அது நீடித்தால் நெல் பால் பிடிக்காது. 1780-களில் வந்த தென்மேய் பஞ்சத்தில் இந்த வட்டாரத்தில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். 1830-களில் மறுபடியும் பஞ்சம். முறையாக அடக்கம் செய்யப்படாத, பசியோடு போன உயிர்களை அமைதிப்படுத்த மெல்லிய பாட்டு போதாது என்று அந்த மக்கள் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

அதனால்தான் கென்பாயைப் பார்க்கப் போகிறவர்களிடம் முகமூடியைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள் என்று சொல்வது என் வழக்கம். எட்டுப் பேர் ஆடுகிறார்கள். வைக்கோலில் முடைந்த செருப்பு. இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலை உயரத் தூக்கி, ஒரு நொடி நிறுத்தி, பாதத்தை முழுதாகத் தரையில் பதிக்கிறார்கள். மேலே குதிப்பதற்கான அடவு அன்று இது. கீழே எதையோ அழுத்தி அடக்குகிற அடவு. பூமிக்குள் இருக்கும் கெட்டதைக் காலால் மிதித்து அடக்கும் மந்திர நடை ஒன்று யமபுஷி எனப்படும் மலைத்துறவிகளிடம் இருந்தது. அதன் வழிவந்ததுதான் இந்த மிதி என்கிறார்கள். ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர் ஏழாம் நூற்றாண்டு மலைத்துறவி என்-நோ-கியோஜா என்ற ஐதிகமும் உண்டு. ஐதிகத்தை ஐதிகமாக எடுத்துக்கொள்ளலாம். மிதி மட்டும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

காலைப் பார்த்துப் பழகிய பிறகு தலைக்கு வாருங்கள். குதிரைவால் முடியில் செய்த பெரிய தலையணி தோள் வரை விழுகிறது. தாளம் நிற்கும் இடத்தில் ஆடுபவர் கழுத்தை வெட்டித் திருப்பும்போது அந்த முடி முழுவதும் ஒரு வட்டம் அடித்து எதிர்ப்பக்கம் போய் விழும். எட்டுப் பேருடையதும் ஒரே நொடியில் விழுந்தால் அது நல்ல குழு. ஒருவருடையது அரை நொடி பிந்தினால் பக்கத்தில் நிற்கும் கிழவர்கள் முகம் சுளிப்பதைக் காணலாம். பின்னணியில் ஒரு பெரிய முரசு, குழல், கைத்தாளம் அவ்வளவுதான். விசிறியோடு தொடங்கி, பிறகு கத்திக்கு மாறி, தனி ஆட்டக்காரர் ஒருவர் கத்திகளோடு தரையில் குட்டிக்கரணம் போடும் வித்தை வரை உருப்படிகள் பல உண்டு. எல்லோருக்கும் பிடித்தது அந்தக் குட்டிக்கரணம்தான். எனக்கு அது இரண்டாம்பட்சம். எட்டுப் பேரும் முகமூடியோடு முதல் வரிசை கட்டி நின்று, முதல் மிதி மிதிக்கும் கணத்தில் இருக்கும் கனம் அதில் இல்லை.

விழாவின் ஒரு மாலையில் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பெரிய தெருவை மறித்து, பல கிராமங்களின் கென்பாய்க் குழுக்கள் ஒன்றாக ஆடும். நூற்றுக்கு மேற்பட்ட முகமூடிகள் ஒரே முரசுக்கு மிதிப்பார்கள். படம் எடுக்கிறவர்களுக்கு இது கொண்டாட்டம். கலை ரசிகர்கள் சிலர் இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதும் உண்டு: எட்டுப் பேருக்கான ஆட்டத்தை அணிவகுப்பாக ஆக்கிவிட்டார்கள் என்று. அந்தக் குறை நியாயமானதே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் குழுக்களில் பலவும் இவாசாக்கி என்ற ஒரே கிராமத்திடமிருந்து பாடம் கேட்டவை. தாய்க் குழுவும் மகள் குழுக்களும் அடவில் சின்னச் சின்ன வேறுபாடுகளோடு பிரிந்து வளர்ந்தவை. ஒரே தெருவில் பக்கத்தில் பக்கத்தில் ஆடும்போதுதான் 'நம் கை இன்னும் உயர வேண்டும்', 'அவர்கள் கால் வைப்பது நம்மைவிடச் சுத்தம்' என்பதெல்லாம் தெரியவரும். வெளியூர்ப் பார்வையாளருக்கு அது அணிவகுப்பு. ஆடுகிறவர்களுக்கு அது பரீட்சை.

அடுத்தது ஷிஷி ஒடோரி, மான் ஆட்டம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்பதால் கொஞ்சம் அதிகமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இவாத்தேயின் தென்பகுதியில் ஆடப்படும் வகையில் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர். மரத்தில் செதுக்கிய கறுத்த முகம், அதன் மேல் நிஜமான மான் கொம்பு, ஆட்டக்காரர் முகத்தை மறைத்துத் தொங்கும் துணி, இடுப்பில் கட்டிய முரசு, முதுகில் வானத்தைப் பார்த்து நிற்கும் இரண்டு நீளக் கழிகள். சசாரா எனப்படும் அந்தக் கழிகள் மூங்கிலால் ஆனவை. வெள்ளைக் காகிதம் ஒட்டியவை. உயரம் ஏறக்குறைய 3 மீட்டர். எல்லாம் சேர்த்து 15 கிலோ அளவு பாரம். இந்தப் பாரத்தோடு ஒருவரே ஆடவேண்டும், முரசடிக்க வேண்டும், பாடவும் வேண்டும். தனியாகப் பக்கவாத்தியக்காரர் கிடையாது. ஆகஸ்ட் வெயிலில் ஓர் உருப்படி முடித்துத் துணியை விலக்கினால் முகம் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் இருக்கும்.

இதில் காத்திருந்து பார்க்கவேண்டிய ஓர் அசைவு இருக்கிறது. சுற்றி வந்துகொண்டிருக்கும் மான்கள் திடீரென்று இடுப்பிலிருந்து முன்னால் மடங்கும். முதுகிலிருக்கும் மூன்று மீட்டர்க் கழிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து தரையைச் சாட்டைபோல் அடிக்கும். அடித்த வேகத்திலேயே மீண்டும் நிமிரும். முன்வரிசையில் உட்கார்ந்தால் காகிதம் முகத்தை உரசிப் போகும் அளவுக்கு நெருக்கம். இந்த அடியும் தூய்மைப்படுத்துவதற்கானது என்கிறார்கள்.

எட்டு மான்களில் நடுவில் ஆடுவது தலைவன், ஒன்று பெண்மான். ஆட்டத்துக்குள் கதைகள் உண்டு. வயலில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மையைப் பார்த்து மான்கள் மிரண்டு, ஒவ்வொன்றாகக் கிட்டே போய் மோந்து, ஓடிவந்து, கடைசியில் பயம் தெளிகிற உருப்படி ஒன்று. வேடன் துப்பாக்கியோடு வருகிற உருப்படி இன்னொன்று. மானைக் கொன்று தின்று வாழ்ந்த மக்கள் மானாகவே மாறி ஆடுகிறார்கள். அதே ஆட்டத்தை இறந்த மனிதர்களின் நினைவுப் பலகைக்கு முன்னும் கல்லறைக்கு முன்னும் ஆடுகிறார்கள். கொன்ற விலங்கின் உயிருக்கும் போன மனித உயிருக்கும் ஒரே வேண்டுதல். மான் ஆட்டக் குழுவினர் தங்கள் நினைவாகவும் முன்னோர் நினைவாகவும் நாட்டிய கற்கள் தெற்கு இவாத்தேயின் கிராமச் சாலைகளில் நிற்கின்றன. தேதி பொறித்த அந்தக் கற்களை வைத்துத்தான் எந்தக் குழு எவ்வளவு பழையது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிடுகிறார்கள். பக்கத்து ஊரான ஹனமாக்கியில் பிறந்த மியாசாவா கென்ஜி 1924-இல் வெளியிட்ட இரண்டு நூல்களில், கவிதை நூலில் கென்பாயும் கதை நூலில் மான் ஆட்டமும் இடம்பெற்றுவிட்டன. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இந்த ஆட்டங்களின் பெயர் தெரிந்திருப்பதற்கு அவர் ஒரு காரணம்.

மூன்றாவது ககுரா. தெய்வங்களுக்கான ஆடல் என்று பொதுவாகச் சொல்லலாம்; ஜப்பான் முழுவதும் நூறு வகை இருக்கிறது. இங்கே பேர்போனது ஹயாச்சினே ககுரா. 1,917 மீட்டர் உயரமுள்ள ஹயாச்சினே மலையின் அடிவாரத்தில் தாக்கே, ஓத்சுகுனாய் என்று இரண்டு கிராமங்கள். இரண்டும் ஒரே கலையை இரு தாளத்தில் காக்கின்றன. தாக்கேயின் தாளம் ஐந்து, ஓத்சுகுனாயின் தாளம் ஏழு. இரண்டு ஊரின் மலைத்தெய்வ முகமூடிகளில் ஒன்று வாய் திறந்தது, மற்றது வாய் மூடியது. கோயில் வாசலில் நிற்கும் காவல் சிலைகள் போல இணை என்று சொல்வார்கள். 1976-இல் தேசிய அங்கீகாரம், 2009-இல் யுனெஸ்கோ பட்டியல்.

இந்த ஆட்டத்தில் வரும் சிங்கத் தலைக்குக் கொங்கென் என்று பெயர். பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள், அதுவே தெய்வம். ஆட்டத்தின் இறுதியில் வரும். மரப்பற்கள் ஒன்றோடொன்று மோதி 'டக் டக்' என்று அடிக்கும் ஓசைதான் அதன் குரல். ஆட்டம் முடிந்ததும் கூட்டத்துக்குள் வந்து தலைகளைக் கடிக்கும். பிள்ளை பெற்றவர்கள் அழுகிற குழந்தையை வலுக்கட்டாயமாக நீட்டுவார்கள். கடிபட்டால் அந்த ஆண்டு நோய் அண்டாது என்பது நம்பிக்கை. உங்கள் அருகே வந்தால் தலையைக் குனிந்து கொடுங்கள். கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்கவேண்டாம்.

நாற்று நடவு ஆட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பனி உறைந்து கிடக்கும் தை மாதக் காலத்தில், வரப்போகும் விளைச்சலை முன்கூட்டியே நடித்துக் காட்டி வாழ்த்துவது. கோடை விழாவில் பார்க்கும்போது பருவம் தவறிய உணர்வு வரும். உடைகள் அழகு. அவ்வளவே.

இப்போது 'அசல்' என்ற கேள்விக்கு வருகிறேன்.

கிராமத்துக்கு வெளியே ஆடுவது இந்தக் கலைகளுக்குப் புதிதில்லை. ஹயாச்சினே ககுராக்காரர்கள் அறுவடை முடிந்த பிறகு சிங்கத் தலையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். தங்கும் வீட்டில் இரவு முழுவதும் ஆடுவார்கள். அந்தப் பயணங்களில் பாடம் கேட்ட ஊர்கள் சீடக் குழுக்களாயின. கென்பாயும் மான் ஆட்டமும் அப்படித்தான் பரவின: ஓர் ஊர் இன்னோர் ஊரிடம் போய் வணங்கிக் கேட்கும், ஆசான் போய்க் கற்றுக்கொடுப்பார், முடிவில் பரம்பரை எழுதிய சுருளேடு ஒன்று கைமாறும். இந்தச் சுருளை வைத்திருக்கிற ஊருக்கு உரிமை, இல்லாத ஊருக்கு இல்லை.

மெய்ஜி அரசு 1872-இல் மலைத்துறவிகளின் சமய அமைப்பையே தடை செய்தது. துறவிகள் கையிலிருந்தது விவசாயிகள் கைக்கு முழுதாக வந்தது அதன் பிறகுதான். இன்று 'பழங்காலக் கிராமியக் கலை' என்று நாம் பார்ப்பதில் ஒரு பகுதி, அரசாங்க ஆணை ஒன்றால் வேலையிழந்த சமயக்காரர்களின் தொழிலைக் கிராமம் ஏற்றுக்கொண்டு காப்பாற்றியது. 1925-இல் தோக்கியோவில் நிப்போன் செய்னென்கான் என்ற இளைஞர் மன்றக் கட்டடம் திறக்கப்பட்டபோது, ஊர் ஊரிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்து மேடையேற்றினார்கள். நாட்டாரியல் அறிஞர் யனாகிதா குனியோ போன்றவர்கள் அதற்குத் துணைநின்றார்கள். வாசலில் ஆடியவர்கள் திரைச்சீலையும் மணிக்கணக்கும் உள்ள அரங்கில் முதன்முறையாக நின்றது அங்கேதான். அதே விவாதம் அன்றைக்கே தொடங்கிவிட்டது: இதைச் சுருக்கலாமா, கூடாதா, பார்ப்பவருக்காக மாற்றலாமா, கூடாதா. நூறு ஆண்டுகளாகத் தீரவில்லை.

1975-இல் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் திருத்தப்பட்டு, நாட்டார் ஆடல்களுக்கும் வழக்கங்களுக்கும் 'முக்கியமான தொட்டறிய முடியாத நாட்டார் பண்பாட்டுச் சொத்து' என்ற தகுதி உருவானது. அதன்படி பட்டியலில் ஏறியது கூடுமானவரை மாறாமல் இருக்கவேண்டும். 1992-இல் வந்த இன்னொரு சட்டம், உள்ளூர் விழாக்களையும் ஆடல்களையும் பயன்படுத்திச் சுற்றுலாவை வளர்க்கச் சொன்னது. ஒரு கை மாற்றாதே என்கிறது. மறு கை கடைவீதிக்குக் கொண்டுவா என்கிறது. கிராமத்துக் குழுக்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பயிற்சி நேரம் குறிக்கின்றன. 2022-இல் யுனெஸ்கோ, ஃபுரியூ ஒடோரி என்ற பொதுத் தலைப்பில் 24 மாவட்டங்களைச் சேர்ந்த 41 ஆடல்களைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஓனி கென்பாய் அவற்றில் ஒன்று. மோரியோகாவின் நாகாய் கிராமத்துப் பெரிய நெம்புட்சு கென்பாயும் அதில் உண்டு.

விழாவில் எது குறைகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இரவு முழுவதும் ஆடவேண்டிய ககுரா, சில உருப்படிகளாகச் சுருங்குகிறது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் இடைவிடாமல் விளக்கம் சொல்கிறார். முரசின் கடைசி அடி அடங்குவதற்குள் அடுத்த குழுவின் பெயரைக் கூப்பிடுகிறார். இது எனக்கு ஒவ்வாது. நினைவுப் பலகைக்கு முன் பாடவேண்டிய பாட்டுகள் தெருவுக்கு வருவதில்லை. அப்படி வராமல் இருப்பதே நல்லது. ஆட்டம் யாருக்காக ஆடப்பட்டதோ அந்த இறந்தவர் இந்தத் தெருவில் இல்லை.

ஆனால் விழாவை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். தோஹோகுவின் கிராமங்களில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். முன்பு பல ஊர்களில் மூத்த மகனுக்கு மட்டும், ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த விதிகள் இன்று தளர்ந்துவிட்டன. விதி பார்த்தால் எட்டுப் பேர் சேரமாட்டார்கள். கிதகாமி ஷோனான் உயர்நிலைப் பள்ளியில் ஓனி கென்பாய்க்கென்றே ஒரு மன்றம் இருக்கிறது. மாணவிகளும் முகமூடி அணிந்து ஆடுகிறார்கள். எந்தக் கிராமத்திலும் பிறக்காத, தொழிற்சாலை வேலைக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளை பள்ளியில் சேர்ந்து அடவு கற்றுக்கொள்ள முடிகிறது. அந்தப் பிள்ளைக்கு ஆகஸ்ட் விழா ஓர் இலக்கு. குளிர்கால இரவுகளில் சமுதாயக் கூடத்தில் வந்து பயிற்சி எடுக்க ஏதாவது ஒரு தேதி நாள்காட்டியில் இருக்கவேண்டும். கிராமத்தில் சாவு எப்போது விழும் என்று யாரும் பயிற்சி எடுப்பதில்லை.

கடற்கரையில் நடந்ததையும் இங்கே சொல்லவேண்டும். 2011 மார்ச் 11 ஆழிப்பேரலை இவாத்தேயின் கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போனது. கிதகாமி உள்நாட்டில் இருப்பதால் தப்பியது. கரையோரத்தில் மான் ஆட்டமும் புலி ஆட்டமும் ககுராவும் ஆடிய குழுக்கள் ஆட்களை இழந்தன. தலைகள், முரசுகள், உடைகள் வீடுகளோடு போயின. குடிநீரும் கூரையும் இல்லாத அந்த மாதங்களிலேயே சிலர் இடிபாடுகளுக்குள் போய் சிங்கத் தலையைத் தேடினார்கள். கிடைத்ததைக் கழுவி, கிடைக்காததைப் பிற ஊர்க் குழுக்களிடம் இரவல் வாங்கி, இறந்தவர்களுக்காக ஆடினார்கள். இந்தக் கலைகள் எதற்காக இருக்கின்றன என்று கேட்டவர்களுக்கு அந்தக் கோடையில் விளக்கம் தேவைப்படவில்லை. விழாக்களிலும் மேடைகளிலும் ஆடி அடவை மறக்காமல் வைத்திருந்ததால்தான் தேவைப்பட்ட நாளில் அவர்களால் ஆட முடிந்தது. சுற்றுலாக் காட்சி என்று யாராவது தள்ளிவிடும்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

எனவே என் பதில்: கிதகாமியில் நீங்கள் பார்ப்பது சுருக்கம், போலி அன்று. அதன் நீளமான வடிவத்தைப் பார்க்க ஆசை வந்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஹயாச்சினே கோயில் விழா ஆகஸ்ட் 1, முந்திய இரவு ஜூலை 31. இரண்டு கிராமத்து ககுராவும் அங்கே ஆடப்படும். அதைப் பார்த்துவிட்டு, முதல் வார இறுதியில் கிதகாமிக்கு இறங்கிவரலாம். பஸ் வசதி குறைவு. கார் இருந்தால் நல்லது.

விழா வெள்ளி முதல் ஞாயிறு வரை. ஆண்டுதோறும் தேதி மாறும் என்பதால் நகர நிர்வாகம் வெளியிடும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நூறு குழுக்கள் வரை வருகின்றன. எல்லாவற்றையும் பார்க்க நினைத்து இடத்துக்கு இடம் ஓடாதீர்கள். ஒரு பகல் முழுவதும் ஒரே இடத்தில் உட்காருங்கள். இருட்டிய பின் தீப்பந்த வெளிச்சத்தில் நடக்கும் ஆட்டம் எது என்று கேட்டு அதற்குப் போங்கள்; மின்விளக்கில் தட்டையாகத் தெரியும் முகமூடி நெருப்பின் ஆட்டத்தில் கோபம், சோகம் என்று மாறி மாறித் தெரியும். கீழே விரிக்க ஒரு விரிப்பு, தண்ணீர், தொப்பி வேண்டும். குடையை விரிக்காதீர்கள், பின்னால் இருப்பவர் திட்டமாட்டார், ஆனால் பார்க்கவும் முடியாது. கிராமத்து நிகழ்ச்சிகளில் சிறு தொகையைக் காகித உறையில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் உண்டு. பல குழுக்கள் கொடுத்தவர் பெயரை அங்கேயே சத்தமாகப் படித்து நன்றி சொல்லும். உங்கள் பெயரை அவர்கள் எப்படி உச்சரிப்பார்கள் என்று கேட்பதற்காகவாவது கொடுக்கலாம்.

வாகா பகுதியில் 1994-இல் திறந்த ஓனி அருங்காட்சியகம் இருக்கிறது. நகர மையத்திலிருந்து காரில் அரை மணிக்குள் போய்விடலாம். முகமூடிகளைக் கிட்டத்தில், அசையாமல் பார்க்க அது நல்ல இடம். விழாவுக்கு முன்னால் போய்வந்தால் தெருவில் பார்ப்பது இன்னும் தெளிவாக இருக்கும்.

கடைசி இரவு கிதகாமி ஆற்றில் விளக்குகளை மிதக்கவிட்டு வாணவேடிக்கை விடுவார்கள். தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம்; எல்லா வண்டிகளும் கிதகாமியில் நிற்பதில்லை. அந்த வாரம் முழுவதும் தோஹோகுவில் விழாக்கள் என்பதால் விடுதி அறைகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். கிதகாமியில் கிடைக்காவிட்டால் மோரியோகாவிலோ இச்சினோசெக்கியிலோ தங்கி ரயிலில் வந்துபோகலாம். அப்படித் தங்கினால் திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வாணவேடிக்கை முடிந்ததும் ஆற்றங்கரையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிலையத்துக்குத்தான் வருவார்கள்.